பந்தி: ஒரு வரிசையின் வரலாறு

திருமண வரவேற்பு விருந்துக்குத் திட்டமிடும் தமிழ்க் குடும்பம் பண்டங்களின் பட்டியலைப் பற்றி எவ்வளவு நேரம் விவாதித்தாலும், சமையல் ஒப்பந்தக்காரர் கேட்கும் முதன்மையான கேள்வி எத்தனை பந்தி நடக்கும் என்பதே. ஒரே நேரத்தில் வரிசையாக அமர்ந்து உண்போரையும், அவ்வாறு உண்டு எழும் ஒரு சுற்றையும் சேர்த்துக் குறிக்கும் இச்சொல், வடமொழிப் 'பங்க்தி' என்பதிலிருந்து பிராகிருத வடிவங்களின் வழியே வந்தது என்பர். பங்க்தி என்பது ஐந்தன் தொகுதியைக் குறித்த சொல். எட்டெழுத்து அடிகள் ஐந்து கொண்ட வேதகால யாப்பு ஒன்றுக்கும் அதுவே பெயர். பின்னர் எண்ணிக்கை மறைந்து வரிசை என்ற பொருளே நின்றது.

அவ்வொரு மூலம் தமிழில் பத்தி, பந்தி என இரண்டாகக் கிளைத்தது. எழுத்தின் பகுதியைத் தமிழ்நாட்டார் பத்தி என்று எழுத, ஈழத்துப் பள்ளி மாணவர் அதையே பந்தி என்று எழுதுகின்றனர். குதிரைகளை வரிசையாகக் கட்டும் கொட்டிலுக்கும் பந்தி என்ற பெயர் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வழங்கும் ஆனைப்பந்தி என்ற இடப்பெயரை இவ்வழக்கோடு சேர்த்தே நோக்க வேண்டும். உண்போர் வரிசை என்ற பொருள் தமிழுக்கு மட்டும் உரியதன்று: தெலுங்கில் பந்தி என்றும், மராத்தியிலும் பஞ்சாபியிலும் பங்கத் என்றும் அது வழங்குகிறது. சீக்கியர்களின் லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்றில்லாமல் அனைவரும் தரையில் அமர்வதே பங்கத் எனப்படுகிறது.

ஆனால் இச்சொல்லின் பழைய சுமை இதற்கு நேர்மாறானது. எவரோடு எவர் ஒரே வரிசையில் உண்ணலாம் என்று வகுத்த தரும நூல்கள், வரிசையைத் தூய்மையாக்குவோரைப் 'பங்க்தி பாவனர்' என்றும், அதைக் கெடுப்போரைப் 'பங்க்தி தூஷகர்' என்றும் பிரித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தக்காரர்கள் பந்தியையே போராட்டக் களமாக்கியதற்குக் காரணம் இதுதான். 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் சாதி கடந்து நடத்திய மிசிர போஜனமும், வ.வே.சு. ஐயர் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளித்ததை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1924-25இல் எழுப்பிய கிளர்ச்சியும் தமிழ், மலையாள நாடுகளில் பலரும் அறிந்தவை. சுதந்திர தினத்தன்று தமிழகக் கோயில்களில் நடக்கும் பொது விருந்து 'சமபந்தி' என்ற பெயரில் பரவியது இப்பின்னணியில்தான். பந்தியோடு 'சம' என்ற முன்னொட்டைச் சேர்க்க வேண்டியிருந்ததே பழைய பந்தி எத்தகையது என்பதற்குப் போதிய சான்று.

ஒரே வரிசையில் அமர வைத்த பின்னரும் வேறுபாடு காட்ட வழி உண்டு என்பதை மொழி மறக்கவில்லை. வேண்டியவர் இலையில் நெய்யும் வேண்டாதவர் இலையில் வெறும் சோறுமாகப் பரிமாறுவதற்குப் 'பந்தி வஞ்சனை' என்று தனிச்சொல்லே ஏற்பட்டது. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியில் நகைச்சுவை இருப்பினும், பிந்திய பந்திக்கு என்ன மிஞ்சும் என்ற அச்சமும் அதில் ஒலிக்கிறது. பாயசமும் பொரியலும் முதலில் தீர்ந்துபோவதை அனுபவித்தவர்களே இதை ஆக்கியிருக்க வேண்டும்.

பந்திப்பாய் விரித்துத் தரையில் அமர்ந்த வழக்கம் மறைந்து, காகிதச் சுருள் விரித்த நீண்ட மேசைகள் வந்தபோதும் சொல் மாறவில்லை. பந்தி போடுதல், பந்தி பரிமாறுதல், இலைகளுக்கு இடையே நடந்து வேண்டியதைக் கேட்கும் பந்தி விசாரித்தல் ஆகிய தொடர்கள் அப்படியே நிலைத்தன. கணக்கும் பழையதே: அறுநூறு விருந்தினர் வருவர், கூடத்தில் நூற்றைம்பது இருக்கைகள் உள்ளன, ஒரு பந்திக்கு அரைமணி நேரம் ஆகும் என்று கொண்டால் நான்கு பந்திகளுக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், இலை எடுத்து மேசை துடைக்கும் இடைவேளை இதற்கு மேல். ஒப்பந்தக்காரர் பலர் கூலியையும் பொருட்செலவையும் இலைக்கு இவ்வளவு என்றே பேசுவதால், விரித்த இலைகளை எண்ணுவது இருதரப்புக்கும் முக்கியமாகிறது. தலைக்கணக்கு மட்டும் போட்டுப் பந்திக் கணக்கை விட்டவர்களின் வீட்டு விருந்தில், உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்று காத்திருக்கும் அநாகரிகம் தவிர்க்க முடியாததாகிறது.

தட்டேந்தி நின்றுண்ணும் பஃபே முறை இவ்வரிசையைக் கலைத்துவிட்டது எனச் சிலர் மகிழ்கின்றனர். முக்கிய விருந்தினருக்கெனத் தனி அறையும் தனிப் பண்டங்களும் ஒதுக்கப்படும் வரவேற்புகளில் பந்தி மட்டுமே போயிருக்கிறது, பந்தி வஞ்சனை போகவில்லை.