'பிரேமம்': நீங்கள் பார்த்த படமும் உங்கள் மலையாளி நண்பர் பார்த்த படமும் ஒன்றுதானா?

காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழரா நீங்கள்? மதியச் சாப்பாட்டு மேஜையில் 'பிரேமம்' பேச்சை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் நேராக மலர் டீச்சரில் போய் நிற்பார்கள். மலையாளி நண்பர்கள் ஜார்ஜ், சம்பு, கோயா மூவரின் அலம்பல், விமல் சாரின் ஜாவா வகுப்பு, கறுப்புச் சட்டையும் வேட்டியும் என்று ஒரு சுற்று போய்விட்டுத்தான் மலருக்கு வருவார்கள். அங்கேயும் மலருக்கு ரசிகர்கள் குறைவில்லை. ஆனால் 'இது யாருடைய கதை' என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில் வராது.

படம் வந்தது 2015 மே 29. பத்து வருஷம் தாண்டியும் இந்த வாக்குவாதம் முடியவில்லை. ஏன்?

படத்தில் என்ன இருக்கிறது?

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. ஆலுவாக்காரன் ஜார்ஜின் (நிவின் பாலி) வாழ்க்கையில் மூன்று கட்டம், மூன்று காதல். 2000-ல் மேரி (அனுபமா பரமேஸ்வரன்), 2005-ல் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக வரும் மலர் (சாய் பல்லவி), 2014-ல் செலின் (மடோனா செபாஸ்டியன்). இயக்கமும் எடிட்டிங்கும் அல்போன்ஸ் புத்திரன். அவரும் ஆலுவா, நிவினும் ஆலுவா. நடிக்க வருவதற்கு முன்னால் நிவின் பெங்களூரு இன்ஃபோசிஸில் வேலை பார்த்தவர் என்பது ஐடிக்காரர்களுக்கான கூடுதல் தகவல்.

கல்லூரிக் காட்சிகளை எடுத்தது ஆலுவா யூனியன் கிறிஸ்டியன் கல்லூரியில். படத்தில் வரும் அந்த நீளமான, ஒடுங்கலான நீர்ப்பாலத்துக்கு ஊரில் இப்போது 'பிரேமம் பாலம்' என்றே பெயர்.

மலர் ஏன் தமிழ் பேசினார்?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. முதலில் யோசித்த மலர் தமிழ்ப் பெண்ணே இல்லை. ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த மலையாளிப் பாத்திரமாக எழுதி, அசினை மனதில் வைத்திருந்ததாக அல்போன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது கைகூடவில்லை, மலர் தமிழ்ப் பெண்ணாக மாறினார். சென்னையில் சினிமா படித்தவர், 2013-ல் 'நேரம்' படத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நேரத்தில் எடுத்தவர் என்பதால் அல்போன்ஸுக்குத் தமிழ் அந்நியமில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் கோத்தகிரியில் பிறந்து கோவையில் வளர்ந்த சாய் பல்லவி. அப்போது ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு மாற்றம் பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்துவிட்டது என்பது என் கணிப்பு. கேரளத் தியேட்டரில் உட்கார்ந்தவருக்கு மலர் வெளியூரிலிருந்து வந்த டீச்சர். கொஞ்சம் புதிர், கொஞ்சம் கவர்ச்சி. சென்னையில் உட்கார்ந்தவருக்கோ சுற்றிலும் மலையாளம் ஓட, நடுவில் ஒருத்தி நம்ம ஊர் பாஷையில் பேசுகிறாள். முகப்பரு தெரிகிற முகம், மேக்கப் இல்லை, சாதாரணப் புடவை. அப்புறம் அனிருத் குரலில் ஒரு தமிழ்க் குத்துப் பாட்டுக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுக்கிறாள். டப்பிங் இல்லாமலே அந்தப் பகுதி நமக்குப் புரிந்தது. மற்றவை பாதி புரிந்தது. எது முழுசாகப் புரிந்ததோ அதுதானே மனதில் நிற்கும்?

இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். 2004-ல் சேரனின் 'ஆட்டோகிராஃப்' நினைவிருக்கிறதா? அதிலும் பள்ளியில் தொடங்கிக் கட்டம் கட்டமாக நகரும் காதல்தான். அங்கே கேரளாவுக்குப் போகிற தமிழ்ப் பையன் செந்தில், மலையாளிப் பெண் லத்திகாவை (கோபிகா) நேசிப்பான். 'பிரேமம்' வந்தபோது 'இது ஆட்டோகிராஃப் மாதிரியே இருக்கே' என்ற முணுமுணுப்பு பரவலாகக் கேட்டது. அமைப்பில் ஒற்றுமை உண்மைதான், தொனி வேறு. சேரன் அழ வைத்த இடங்களில் அல்போன்ஸ் சிரிக்க வைத்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கழுத்தைப் பிடிக்கிறார்.

அந்த இடம் தெரியும்தானே. விபத்துக்குப் பிறகு மலருக்கு ஜார்ஜை அடையாளம் தெரியவில்லை. பிறகு உறவினர் அறிவழகனை மணந்துகொள்கிறார். கடைசியில் ஜார்ஜின் கல்யாண வரவேற்புக்கு வருகிறார். நினைவு திரும்பிவிட்டது, ஆனால் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்பதற்கான குறிப்பு அந்த முடிவில் இருக்கிறது. மலரும் அறிவழகனும் தங்களுக்குள் பேசுவது தமிழில். அந்தச் சின்ன உரையாடல் நம் காதில் விழுந்த வேகத்தில் எல்லார் காதிலும் விழுந்திருக்காது. தமிழ் ரசிகருக்குப் படம் அங்கேயே முடிந்து, மனசு கனத்துப் போகிறது. ஜார்ஜின் கதையாகப் பார்த்தவருக்கோ அது கல்யாணத்தில் முடியும் ஜாலியான படம்தான்.

'200 நாள்' எதைச் சொல்கிறது?

சென்னையில் 'பிரேமம்' 200 நாளைத் தாண்டி ஓடியது. டப் செய்யாத ஒரு மலையாளப் படத்துக்கு அது பெரிய விஷயம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் மறுபடி தியேட்டருக்கும் வந்தது.

ஆனால் எண்ணோடு பழகுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாள் கணக்கு என்பது ஆள் கணக்கு இல்லை. மல்டிபிளெக்ஸில் ஒரு சின்னத் திரையில் தினம் ஒரே ஒரு காட்சி ஓடினாலும் அது ஒரு நாள்தான். எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் நான்காவது தடவை பார்த்தார்கள் என்பது இந்த எண்ணில் இல்லை. அதோடு, படம் வெளியான சில வாரங்களிலேயே சென்சார் பிரதி இணையத்தில் கசிந்து பெரிய வழக்காகிவிட்டது. அப்படிப் பார்த்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆக, அந்த 200 சொல்வது ஒன்றே ஒன்று: சென்னையில் இந்தப் படத்துக்கு விடாப்பிடியான ஒரு கூட்டம் இருந்தது.

தமிழில் ரீமேக் வரவே இல்லை. 2016-ல் தெலுங்கில் நாக சைதன்யா நடிக்க வந்தது, மலர் இடத்தில் ஸ்ருதி ஹாசன். முதல் பாட்டு வெளியானதுமே மீம் மழை. படத்தைப் பார்க்காமலே கொடுத்த தீர்ப்பு அது. ஸ்ருதிக்கு அது நியாயமே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேரளாவில் யார் முகம் சுளித்தார்கள்?

தமிழ்நாட்டில் இந்தப் பக்கம் பலருக்குத் தெரியாது. 2015 ஓணம் சமயத்தில் கல்லூரிகளில் 'பிரேமம்' ஸ்டைல் கறுப்புச் சட்டை, வேட்டி அலை. அதே ஆகஸ்டில் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி ஓணக் கொண்டாட்டத்தில் வாகனம் மோதி ஒரு மாணவி உயிரிழந்தார். அதையொட்டிய விவாதத்தில் அப்போதைய டிஜிபி டி.பி. சென்குமார், 'பிரேமம்' போன்ற படங்கள் மாணவர்களைத் தவறாகப் பாதிக்கின்றன என்று வெளிப்படையாகவே விமர்சித்தார். ஒரு மரணத்தின் காரணத்தை ஒரு சினிமாவில் தேடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் குடித்துவிட்டு வகுப்புக்கு வருவதை ஹீரோயிசமாகக் காட்டிய படம் என்ற கோபத்தில் அர்த்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

2016 மார்ச்சில் மாநில விருதுகள் அறிவிக்கப்பட்டன. 'பிரேமம்' படத்துக்கு ஒன்றும் இல்லை. வெகுஜனப் படத்துக்கான விருது 'என்னு நின்டே மொய்தீன்' படத்துக்குப் போனது. ஆக்கத்தில் செய்நேர்த்தி போதவில்லை என்று நடுவர் குழுத் தலைவரான இயக்குநர் மோகன் விளக்கம் சொல்ல, ரசிகர்கள் கொதித்தார்கள். இத்தனைக்கும் 'ஆட்டோகிராஃப்' சிறந்த வெகுஜனப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது.

இப்போது பார்த்தால்?

2015-ல் கல்லூரியில் இருந்தவர்களுக்கு இப்போது முப்பது வயதுக்குப் பக்கம். ஜார்ஜின் வயதைத் தாண்டி, மலரின் வயதையும் தாண்டிவிட்டீர்கள். அப்போது கண்ணில் படாதது இப்போது உறுத்தும். மேரி பின்னால் ஒரு பையன் கூட்டமே சுற்றுவதைப் படம் வெறும் காமெடியாகத்தான் பார்க்கிறது. அந்தப் பெண்ணுக்கு அந்த ஊர்வலம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதே இல்லை. டீச்சர்–மாணவன் காதலில் பாலினத்தை மட்டும் மாற்றிப் போட்டு யோசித்துப் பாருங்கள்: ஆண் விரிவுரையாளர், பத்தொன்பது வயது மாணவி. அதே கைதட்டல் கிடைத்திருக்குமா? மேரி காலத்தில் சின்னக் குழந்தையாகச் சுற்றிவந்த செலின் கடைசியில் ஜோடியாவதும் சிலருக்கு நெருடுகிறது.

இன்னொரு தரப்பு இதை ஏற்கவில்லை. படம் மூன்றையும் ஜார்ஜின் கண்ணால் மட்டும் காட்டுகிறது, அவன் முட்டாள்தனத்தை மறைக்கவும் இல்லை என்பது அவர்கள் வாதம். மேரி, மலர் இருவருமே அவனுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். மேரி விஷயத்தில் எனக்கு இந்தச் சமாதானம் போதவில்லை. மலர் விஷயத்தில் ஓரளவு போதுகிறது. ஏனென்றால் அந்தக் கடைசி முடிவு அவளுடையது, ஜார்ஜுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

மறுபடி பார்ப்பதென்றால் மலையாளி நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அவர் சிரிக்கும் இடத்தில் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். வரவேற்புக் காட்சி வரும்போது நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.