குழாய், பானை, பெட்டி

திருவண்ணாமலையின் மாட வீதிகளில் ஸ்வாமி புறப்பாட்டுக்கு முன்னே செல்லும் நாகஸ்வரமும் தவிலும், யந்திரத்தின் துணை சிறிதுமின்றி வீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கேட்கும் வலிமை படைத்த வாத்தியங்களாதலால், சங்கீதத்தின் பொருட்டு அவ்வீதிகளுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. கார்த்திகைத் தீபத்தன்று லக்ஷக்கணக்கில் திரளும் ஜனங்களுக்கு வழி சொல்லவே கூம்புக் குழாய் அவசியமாயிற்று.

1919இல் ஸான் டியாகோ நகரில், ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் சமைத்த ஒலிபெருக்கியின் வாயிலாக அமெரிக்க ஜனாதிபதி வில்ஸன் பெருங்கூட்டத்துக்குப் பேசிய காலந்தொட்டே, சொல்லைத் தூரத்துக்குக் கொண்டுசெல்வது அக்குழாயின் ஸ்வதர்மமாக இருந்துவந்திருக்கிறது. குறுகிய தொண்டையில் பிறந்து அகன்ற வாயில் வெளிப்படும் ஒலி நடு ஸ்தாயியில் மிகுந்த பலம் பெறுகிறதாயினும், தாழ்ந்த ஸ்வரங்களைத் தாங்க அதன் நீளமும் அகலமும் போதுவதில்லை. கல்யாண வீட்டு வாசலில் மைக் செட்காரர் மரத்தில் ஏற்றிக் கட்டிய குழாயில் தவிலைக் கேட்டவர்கள், அதன் வலப்புறமாகிய வலந்தலையின் சொற்கள் தெறித்து வருவதையும் இடப்புறமாகிய தொப்பியின் கும்காரம் அடியோடு மறைந்துவிடுவதையும் அறிவார்கள்.

வீட்டுக்குள் சங்கீதம் புகுந்த கதை வேறு. 1938 ஜூன் 16இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிய பின்னர், வால்வு ரேடியோவின் மரப்பெட்டிக்குள் அமர்ந்த காகிதக் கூம்பு, 1925இல் அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் வகுத்த முறையைத் தழுவியது. அதன் குரலில் இருந்த இதம் கேட்போரைக் கட்டிப்போட்டது. பிறகு கேஸட் வந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெற்று நாடாவில் பதிந்து வாங்கிய அக்காலத்தில், தமிழ்நாட்டின் டீக்கடைகளிலும் வீடுகளிலும் பானை ஸ்பீக்கர் என்றொரு அற்புதம் தோன்றிற்று. மண்பானையின் வாய்க்குப் பொருந்தும் ஸ்பீக்கரை அதன்மேல் பதித்துக் கம்பி இணைத்துவிட்டால், கூம்பின் பின்புறத்து அலை முன்புறத்து அலையை அழிக்காதபடி பானை தடுத்துவிடும். உள்ளே அடைபட்ட காற்றோ ஒரு குறிப்பிட்ட ஸ்தாயியில் மட்டும் மிகுதியாக அதிரும். அந்த மிகுதி உண்மைக்கு மாறானதே. எனினும், 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய இளையராஜாவின் இசையில் பேஸ் கிதார் நடத்திய தனி ஸல்லாபத்தை, விலையுயர்ந்த கருவிகளை வாங்க இயலாத எத்தனையோ இளைஞர்கள் முதன்முதலாக அநுபவித்தது அந்தப் பானையின் தயவினால்தான் என்பதை நான் மிகுந்த மரியாதையுடன் நினைக்கிறேன்.

ஒலிப்பதிவுக் கூடத்து மானிட்டர் இதற்கு நேர் எதிரான நோக்கத்தில் பிறந்தது. பதிவிலுள்ள குற்றத்தை மறைக்காமல் காட்டுவதே அதன் கடமை. ஆனால் வீடு, கூடம் என்னும் இப்பிரிவினையைச் சரித்திரம் மதிக்கவில்லை. 1978இல் யமஹா நிறுவனம் வீட்டுக்கென வெளியிட்ட என்எஸ்-10 ஸ்பீக்கர் வீடுகளில் பிரியம் பெறாமல், அதன் கடுமையே குணமாகக் கொள்ளப்பட்டு, உலகத்துக் கூடங்களில் குடியேறிற்று. பி.பி.சி.யார் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் சிறிய இடத்துக்காக 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ மானிட்டரையோ, ரஸிகர்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் இன்றளவும் போற்றுகிறார்கள். போதாதற்கு, சிமெண்டுத் தரையும் பூசிய சுவருமாக அமைந்த நம் அறைகள், எத்தகைய நேர்மையான பெட்டியின் ஒலியையும் தம் எதிரொலியால் மாற்றிவிடுகின்றன.

1956இல் மறைந்த நாகஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை 78 சுற்றுத் தட்டிலிருந்து மானிட்டரில் கேட்டால், ஊசியின் உராய்வே முதலில் செவியைத் தாக்குகிறது. மேல் ஸ்தாயியைச் சற்றே தணித்துத் தரும் வீட்டுப் பெட்டியிலோ ராகம் தடையின்றி வந்து சேருகிறது. ஆதலால் பழைய தட்டுகளுக்கு வீட்டுப் பெட்டியையே நாடுகிறேன். அண்மையில் பதிவான தவிலை மட்டும், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மானிட்டரை வைத்து, தொப்பியில் கழி விழும் ஒவ்வோர் அடியும் தனித்தனியே தெரியக் கேட்கிறேன்.