பூவி கத்தி

அமெரிக்காவின் தெற்கு, தென்மேற்கு எல்லைப்புறங்களில் 1827க்குப் பிறகு பேர்பெற்ற பெரிய இடுப்புக் கத்தி. லூசியானாவிலும் பின்னர் டெக்சாஸிலும் வாழ்ந்த ஜேம்ஸ் பூவியின் (1796–1836) குடும்பப் பெயரால் வழங்குகிறது. எழுத்தைப் பார்த்துப் பலர் ‘போவி’ என்று படிப்பார்கள். டெக்சாஸ் பக்கத்து நாவில் அது ‘பூவி’தான். இன்று இந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் ஒரு பெரிய கத்தியை எடுத்துத் தருவார்கள். முதுகு நேராக வந்து, முனைக்குச் சற்று முன்னால் உள்வாங்கி வளைந்து, கூராக முடியும். அலகுக்கும் பிடிக்கும் நடுவே குறுக்கே ஒரு காப்பு இருக்கும். பெயருக்குக் காரணமான முதல் கத்தி இந்த வடிவில் இருக்கவில்லை. அதை யார் செய்தார் என்ற வழக்கும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக முடியவில்லை.

மணல்திட்டுச் சண்டை

கதை 1827 செப்டம்பர் 19 அன்று தொடங்குகிறது. மிசிசிப்பி ஆற்றில் நாட்சஸ் நகருக்கு எதிரே ஒரு மணல்திட்டு. சாமுவேல் வெல்ஸ், மருத்துவர் தாமஸ் மேடக்ஸ் இருவரும் அங்கே கைத்துப்பாக்கியால் ஒற்றைக்கு ஒற்றை மோத வந்தார்கள். ஆளுக்கு இரண்டு முறை சுட்டார்கள், யாருக்கும் படவில்லை. கைகுலுக்கிப் பகையை முடித்துக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் இரு தரப்புக்கும் துணையாக வந்தவர்களிடையே நிலம், வங்கிக் கடன், உள்ளூர் அரசியல் என்று பழைய பகைகள் பல இருந்தன. சமாதானம் ஆன அந்த இடத்திலேயே கைகலப்பு மூண்டது.

வெல்ஸ் தரப்பில் வந்திருந்த ஜேம்ஸ் பூவியின் இடுப்பில் குண்டு பாய்ந்தது. அவர் கத்தியை உருவிக்கொண்டு ஓட, சுட்ட ராபர்ட் கிரெய்ன் காலித் துப்பாக்கியாலேயே அவர் மண்டையில் அடித்து வீழ்த்தினார். நெடுநாள் எதிரியான மேஜர் நாரிஸ் ரைட், கைத்தடிக்குள் மறைத்து வைத்திருந்த வாளை பூவியின் மார்பில் பாய்ச்சினார். மெல்லிய வாள் நெஞ்செலும்பில் தட்டி வளைந்தது. அதைப் பிடுங்க ரைட் குனிந்தபோது பூவி அவரை இழுத்துத் தன் கத்தியைச் செருகினார். ரைட் அங்கேயே இறந்தார். அத்தனை காயங்களோடும் பூவி பிழைத்தது நாடு முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தது. அந்தக் காலத்து விவரிப்புகள் கத்தியைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: பெரிய கசாப்புக் கத்தி. தனி வடிவம் என்றோ புதுமை என்றோ ஒரு வார்த்தை இல்லை. பெயர் முதலில் பிறந்தது. வடிவம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

ரீசன் பூவியின் கடிதம்

இந்த வழக்கில் நம்மிடம் உள்ள மிக உறுதியான சான்று ஜேம்ஸின் அண்ணன் ரீசன் பூவி 1838 ஆகஸ்டில் லூசியானாப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதம். தன் தம்பியைச் சண்டைக்காரனாகச் சித்திரித்து வந்த செய்தியை மறுக்க எழுதியது. முதல் பூவி கத்தியைத் தானே அவோயல்ஸ் வட்டாரத்தில் வேட்டைக்காகச் செய்ததாக அதில் சொல்கிறார். அளவும் தருகிறார்: நீளம் ஒன்பதே கால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் மட்டும் வாய், வளைவு கிடையாது. ரைட் ஒருமுறை ஜேம்ஸைச் சுட்ட பிறகு, தற்காப்புக்காகத் தம்பியிடம் அதைக் கொடுத்ததாகவும், பின்னாளில் கத்திக் கம்மியர்கள் கொண்டுவந்த மேம்பாடுகளுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்.

பெருமை தேடும் ஒருவர் இந்தக் கடைசி வரியை எழுதமாட்டார். 1838இல் அந்தக் கத்தியின் பெயர் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் ‘என் கத்தி வெறும் நேர்க்கத்தி’ என்று ஒருவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும். அவர் நண்பர்களுக்குப் பரிசளிக்கச் செய்யச் சொன்ன கத்திகளும் இதற்கு ஒத்துவருகின்றன. பேட்டன் ரூஜ் நகரின் டேனியல் சேர்ல்ஸ் செய்த ஒன்று டெக்சாஸின் அலமோ கோட்டைச் சேகரிப்பில் இருக்கிறது. கருங்காலிப் பிடி, நேரான முதுகு, குறுக்குக் காப்பு கிடையாது. நல்ல வீட்டுச் சமையலறையில் இறைச்சி நறுக்க வைத்திருக்கும் கத்திக்குப் பொன் வெள்ளி அலங்காரம் செய்தது போலத்தான் தோன்றும். பிலடெல்பியாவின் ஹென்றி ஷைவ்லி செய்து ரீசன் பரிசளித்த இன்னொன்று மிசிசிப்பி மாநிலத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஆனால் ‘நானே செய்தேன்’ என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரீசன் தோட்ட முதலாளி, கொல்லர் அல்ல. அவருடைய பேத்திகள் பிற்காலத்தில் சொன்ன கதைப்படி, மாடு ஒன்றைக் குத்தும்போது கத்தி எலும்பில் தட்டி ரீசனின் கை அலகின் மேல் வழுக்கிவிட்டது. அதன்பின் அவர் வடிவம் வரைந்து கொடுக்க, தோட்டத்துக் கொல்லர் ஜெசி க்ளிஃப்ட் ஒரு பழைய அரத்தைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்கினார். நம் பள்ளி இலக்கணத்தில் இதற்குத் தனித்தனிப் பெயரே உண்டு. கல்லணையைக் கட்டினான் என்னும்போது கரிகாலன் ஏவுதல் கருத்தா. கல் அடுக்கியவர் இயற்றுதல் கருத்தா. பூவி வழக்கின் பாதி, இந்த இரண்டு கருத்தாக்களையும் பிரித்துப் பார்க்காததால் வந்தது. ரீசன் பொய் சொல்லவில்லை. வீடு கட்டினேன் என்று நாம் சொல்வது போலச் சொன்னார். க்ளிஃப்டின் பெயர் அவர் கடிதத்தில் இல்லை என்பதுதான் வருத்தம். சம்மட்டி பிடித்த கை யாருடையது என்பதற்கு ஒரு குடும்பத்தின் நினைவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

அந்தக் குடும்பத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. இன்னொரு சகோதரர் ஜான் பூவி, 1852இல் டிபௌஸ் ரிவ்யூ இதழில் வெளியான நினைவுக்குறிப்பில், ஜேம்ஸ் தன் சொந்த எண்ணப்படி ஸ்னோடன் என்ற சாதாரணக் கொல்லரிடம் செய்துகொண்டதாகக் கூறுகிறார். டெக்சாஸின் கொன்சாலஸ் ஊரில் ஜான் சோவெல் என்ற கொல்லரின் வழிவந்தவர்களும் உரிமை கேட்டார்கள். பூவி சகோதரர்கள் அடிமை வியாபாரத்திலும் போலி நிலப் பத்திரங்களிலும் பணம் சேர்த்தவர்கள். அவர்கள் வாய்மொழியை எடைபோடாமல் ஏற்க முடியாது. ஆயினும் ரீசனின் கடிதத்துக்கு அளவும் இடமும் இருக்கின்றன. ஜானின் கூற்றில் அவை இல்லை.

வாஷிங்டன் ஊர்க் கொல்லர்

இந்த வரலாற்றில் நெஞ்சைத் தொடும் பகுதி ஆர்கன்சாவின் ஹெம்ஸ்டெட் கவுண்டியில் உள்ள வாஷிங்டன் என்ற சிற்றூரில் நடக்கிறது. டெக்சாஸுக்குப் போகும் பாதையில் இருந்த ஊர் அது. அங்கே பட்டறை வைத்திருந்தவர் ஜேம்ஸ் பிளாக். 1800இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். பிலடெல்பியாவில் வெள்ளி வேலை பழகி, தெற்கே வந்து குடியேறியவர். பூவி கத்தி முதலில் இவ்வூரில் பிளாக்கின் கையால் செய்யப்பட்டது என்று உள்ளூர்ச் செய்தித்தாள் 1841 டிசம்பரிலேயே எழுதியது. பிளாக் அப்போது உயிரோடு இருந்தார் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

முழுக்கதையைத் தந்தவர் டேனியல் வெப்ஸ்டர் ஜோன்ஸ். பின்னாளில் ஆர்கன்சாவின் ஆளுநராக இருந்தவர் (1897–1901). ஜோன்ஸ் சொல்வதன்படி, 1830 இறுதியில் ஜேம்ஸ் பூவி மரத்தில் செதுக்கிய ஒரு மாதிரியோடு பட்டறைக்கு வந்தார். பிளாக் அந்த மாதிரிப்படி ஒன்றும், தன் யோசனைப்படி முனையருகே இருபுறமும் வாய் வைத்து இன்னொன்றும் அடித்து, இரண்டையும் முன்னால் வைத்தார். பூவி எடுத்தது கொல்லரின் கத்தியை. பிளாக் தன் ஒவ்வொரு கத்தியையும் சோதித்த விதத்தையும் ஜோன்ஸ் குறித்திருக்கிறார். முற்றிய ஹிக்கரி மரத்துக் கோடாலிக் காம்பை அந்தக் கத்தியால் நெடுநேரம் சீவுவார். பிறகு அதே கத்தியால் தன் கையில் உள்ள மயிரை மழிப்பார். மழிக்கவில்லையென்றால் கத்தியைத் தூக்கி எறிந்துவிடுவார். பதம் வைக்கும் வேலையைத் தோல்திரைக்குப் பின்னால், யாரும் பார்க்காதபடி செய்தார்.

1839 வாக்கில் பிளாக்கின் கண் போயிற்று. காய்ச்சலில் கிடந்தவரை மாமனார் தடியால் அடித்தது ஒரு காரணம், வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் செய்த கேடு இன்னொரு காரணம் என்கிறார் ஜோன்ஸ். ஆதரவற்ற பிளாக்கை ஜோன்ஸின் தகப்பனார் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். 1870 மே 1, பிளாக்குக்கு எழுபதாவது பிறந்தநாள். இத்தனை ஆண்டு சோறு போட்ட குடும்பத்துக்குக் கைம்மாறாக எஃகுப் பதத்தின் ரகசியத்தைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றார். ஜோன்ஸ் தாளும் மையும் கொண்டுவந்து உட்கார்ந்தார். முதியவர் நெற்றியைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வா என்றார். ஜோன்ஸ் திரும்பி வந்தார். மீண்டும் பிறகு வா என்றார். கடைசியில் எல்லாம் மறந்துபோயிற்று என்று அழுதார். இரண்டு ஆண்டில் இறந்தார்.

இந்தக் கதைமீது பின்வந்தவர்கள் ஏற்றிவைத்தது அதிகம். டமாஸ்கஸ் எஃகின் தொலைந்த ரகசியத்தை பிளாக் கண்டுபிடித்தார் என்றார்கள். அந்த எஃகின் மூலம் தென்னிந்திய மூசை உலைகளில் உருகிய எஃகுக் கட்டிகள். ஈரோட்டுக்கு அருகே கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் பழந்தடயங்கள் கிடைத்திருக்கின்றன. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் அந்தக் கட்டிகளை வைத்துச் சோதனை செய்தார். ஹெம்ஸ்டெட் கவுண்டியின் ஒரு சிறு பட்டறையில் அது மறுபிறவி எடுத்தது என்பதற்கு பிளாக்கின் கத்தி ஒன்றாவது சான்று சொல்ல வேண்டும். அவருடைய முத்திரை பதித்த கத்தியோ கையிருப்பில் இல்லை. அவர் வேலை என்று கருதப்படும் கத்திகளுக்குச் சவப்பெட்டி வடிவப் பிடி, வால்நட் மரச்சட்டம், வெள்ளி ஆணிகள், வெள்ளித் தகட்டுச் சுற்று. லிட்டில் ராக் நகரின் ஆர்கன்சா வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றின் பிடியில் ‘பூவி எண் 1’ என்று பொறித்திருக்கிறது. அந்தப் பொறிப்பைக் கொண்டு அது மணல்திட்டுக் கத்தி என்று சிலர் மயங்குவதுண்டு. 1827க்கும் 1830க்கும் இடையே மூன்று ஆண்டு இருக்கிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. அவோயல்ஸ் கதையும் வாஷிங்டன் கதையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெவ்வேறு கத்திகளைப் பற்றியவை. இதைப் பிரித்துப் பார்த்தாலே தகராறில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

ஷெஃபீல்டின் பங்கு

முனையருகே உள்வாங்கிய முதுகு ஒரு தனி மனிதரின் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்பெயின், மத்தியதரைக்கடல் கத்திகளில் அது முன்பே உண்டு. லூசியானாவும் டெக்சாஸும் ஸ்பானிய ஆட்சியைக் கண்ட நிலங்கள். அந்த முதுகையும் குறுக்குக் காப்பையும் ‘பூவி’ என்ற பெயரோடு நிலைக்கவைத்தது எல்லைப்புறமே அல்ல என்பது என் கருத்து. அதைச் செய்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம். 1830களிலிருந்து வொஸ்டன்ஹோம் போன்ற பட்டறைகள் இக்கத்திகளைக் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு அனுப்பின. அலகில் ‘ஆர்கன்சா பல்குத்தி’ என்றும் ‘அலபாமா வேட்டைக் கத்தி’ என்றும் பொறித்தார்கள். வொஸ்டன்ஹோம் 1848இல் தன் தொழிற்சாலைக்கே வாஷிங்டன் வொர்க்ஸ் என்று பெயர் வைத்தார். மிசிசிப்பியை ஒருநாளும் பார்க்காத தொழிலாளிகள் சாணைக்கல்லின் மேல் குனிந்து, கல்தூளை மூச்சோடு இழுத்து, நுரையீரல் கெட்டு இளம் வயதில் செத்தார்கள். பூவி கத்தியின் முகம் பெருமளவு அவர்கள் வார்த்தது. பிறப்புத் தகராறில் அவர்கள் பெயரை யாரும் எடுப்பதில்லை.

சட்டமும் வடிவத்துக்குத் துணைபோயிற்று. 1837இல் அலபாமா இந்தக் கத்திக்கு 100 டாலர் வரி போட்டது. மறு ஆண்டு டென்னசி விற்பனையையே தடுத்தது. அதற்குச் சற்று முன், 1837 டிசம்பரில், ஆர்கன்சா சட்டசபைக்குள்ளேயே சபாநாயகர் ஜான் வில்சன் உறுப்பினர் ஒருவரைக் கத்தியால் கொன்றிருந்தார். பெயரைச் சொல்லித் தடை போட்டதும், எது பூவி கத்தி என்று ஊரே அறிந்ததாயிற்று.

ஜேம்ஸ் பூவி டெக்சாஸ் விடுதலைப் போரில், 1836 மார்ச் 6 அன்று, அலமோ கோட்டையில் நோய்ப்படுக்கையில் இருந்தபடி மெக்சிகோப் படையினரால் கொல்லப்பட்டார். அவரோடிருந்த கத்தி எங்கே போயிற்று என்பதற்குத் தடயம் இல்லை. ‘இதுதான் அது’ என்று காட்டப்பட்ட கத்திகள் பல. சுழல்துப்பாக்கி மலிந்ததும் கத்தியின் சண்டைப் பயன் குறைந்தது. கதை மட்டும் வளர்ந்தது. பால் வெல்மனின் நாவல் ‘தி அயர்ன் மிஸ்ட்ரஸ்’ (1951), மறு ஆண்டு ஆலன் லாட் நடித்து வந்த திரைப்படம் இரண்டிலும் பிளாக் விண்கல் இரும்பைச் சேர்த்துக் கத்தி அடிப்பார். இன்றும் பலர் வரலாறாகச் சொல்வது அந்தக் காட்சியைத்தான்.

அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தன் பயிற்சிப் பள்ளியை 1988இல் தொடங்கியபோது தேர்ந்த இடம் அதே வாஷிங்டன் ஊர். சங்கத்தின் தேர்வில் கொல்லர் தன் கத்தியால் தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டங்குலத்துக்கு நான்கங்குலக் கட்டையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் வாய் மழுங்காமல் கையின் மயிரை மழிக்க வேண்டும். கடைசியாகக் கத்தியைப் பிடிமானத்தில் இறுக்கி 90 பாகை வளைப்பார்கள். அது முறியக் கூடாது.