வியாபாரிகளின் போனை எடுக்க ஏ.ஐ. குரல் உதவியாளர்: தென்காசி விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை பறிப்பு நடக்கும் நேரத்திலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கும் நேரத்திலும் போன் ஓயாமல் அடிக்கும். மரத்தடியில் நிற்கும்போதும், பைக்கில் போகும்போதும் எடுக்க முடிவதில்லை. எடுக்காவிட்டால் வியாபாரி அடுத்த தோட்டத்துக்குப் பேசிவிடுவார். இந்தச் சிக்கலுக்கு ஏ.ஐ. குரல் உதவியாளர் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் எந்த வேலையை அதனிடம் விடுவது, எதை விடக்கூடாது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

அழைப்பவர் பேசுவதை இந்தக் கணினி நிரல் முதலில் எழுத்தாக மாற்றுகிறது. பிறகு அதற்கான பதிலைத் தயாரித்து, அதைக் குரலாக மாற்றிச் சொல்கிறது. "1-ஐ அழுத்தவும், 2-ஐ அழுத்தவும்" என்னும் பழைய பதிவுக் குரல் போல அல்லாமல், அழைப்பவர் தன் போக்கில் பேசலாம்.

விவசாயிகளுக்கு இதில் ஓரளவு பழக்கம் உண்டு. 2004-இல் தொடங்கிய கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 முதல் இரவு 10 வரை அழைத்தால், வேளாண்மை படித்தவர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த 'கிசான் இ-மித்ரா'வில் பதில் சொல்வது ஏ.ஐ. பி.எம். கிசான் திட்டச் சந்தேகங்களை அதில் தமிழில் பேசியே கேட்கலாம். வியாபார அழைப்புக்கான குரல் உதவியாளரும் இதே தொழில்நுட்பம்தான். ஆனால் இங்கே தவறு நடந்தால் நட்டம் உங்களுடையது.

ஒம்பதா, அம்பதா?

நாம் பேச்சில் 9-ஐ "ஒம்பது" என்கிறோம், 50-ஐ "அம்பது" என்கிறோம். காற்று இரைச்சலில் மனிதருக்கே இது குழம்பும். தொண்ணூறு, தொள்ளாயிரமும் அப்படித்தான். 9 மூட்டை கேட்டவருக்கு 50 மூட்டை என்று பதிவானால், பறித்துவிட்ட மீதி 41 மூட்டையைத் திரும்ப மரத்தில் ஏற்ற முடியாது.

செங்கோட்டை, புளியரை வழியாகச் சரக்கு எடுக்கும் கேரள வியாபாரிகளின் பேச்சு இன்னொரு சிக்கல். அவர்கள் எலுமிச்சையை "நாரங்கா" என்பார்கள். உதவியாளர் அதை நார்த்தங்காய் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா நிறுவனச் சேவையும் தமிழை ஒரே அளவில் புரிந்துகொள்வதில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 2025 ஜூலையில் தன் சொந்த மொழி மாதிரியை அறிவித்தபோது, உடன் வந்த பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகள் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும்தான். ஆகவே "தமிழ் உண்டு" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேரைத் தோட்டத்திலிருந்தும் சந்தையிலிருந்தும் பேச வைத்து, பதிவானது சரியா என்று பாருங்கள்.

உதவியாளரிடம் விடக்கூடிய வேலைகள்

• அழைப்பவரின் பெயர், ஊர், போன் எண்ணைக் குறித்துக்கொள்வது
• என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எந்த நாளுக்கு என்று கேட்பது
• தோட்டத்துக்கு வழி, பறிப்பு நாள், கடை நேரம் சொல்வது
• "இத்தனை மணிக்குள் உங்களைக் கூப்பிடுவார்" என்று சொல்லி வைப்பது

விடக்கூடாத வேலைகள்

• விலை சொல்வது, பேரம் பேசுவது
• சரக்கு உறுதி என்று வாக்குக் கொடுப்பது
• கடன், முன்பணம், வங்கி விவரம் பேசுவது
• பூச்சிக்கொல்லி அளவு சொல்வது

பாவூர்சத்திரம், ஆலங்குளம் சந்தைகளில் காலையில் இருந்த காய்கறி விலை மதியம் இருக்காது. நேற்று நீங்கள் பதிந்து வைத்த விலையை உதவியாளர் இன்று சொல்லிவிட்டால், வியாபாரி அதையே பிடித்துக்கொள்வார். ஒரு தடவை வாக்கு மாறினால் பல வருடப் பழக்கம் கெடும். விலையை எப்போதும் நீங்களே சொல்லுங்கள்.

அமைக்கும் முறை

1. எல்லா அழைப்பையும் திருப்பிவிட வேண்டாம். போனின் அழைப்பு அமைப்பில், நீங்கள் எடுக்காதபோதும் வேறு அழைப்பில் இருக்கும்போதும் மட்டும் உதவியாளருக்குப் போகும்படி வையுங்கள்.
2. "இது கணினிக் குரல், பேச்சு பதிவாகிறது" என்று முதல் வரியிலேயே சொல்ல வையுங்கள். நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று அழைப்பவர் நினைத்துவிடக் கூடாது.
3. அளவைத் திருப்பிக் கேட்க வையுங்கள். "ஒன்பது மூட்டையா, ஐம்பது மூட்டையா?" என்று கேட்டுவிட்டு, எண்ணாகக் குறுஞ்செய்தியும் அனுப்ப வேண்டும்.
4. இரண்டு தடவை புரியவில்லை என்றால் உங்களுக்கோ வீட்டில் இருப்பவருக்கோ அழைப்பை மாற்றிவிட வேண்டும்.
5. பறிக்க ஆள் வைப்பதற்கு முன் வியாபாரியிடம் நீங்களே ஒரு முறை பேசி உறுதி செய்யுங்கள்.

இந்த உதவியாளரை வைத்து நீங்களாகப் பலருக்கு விளம்பர அழைப்பு செய்யாதீர்கள். பதிவு செய்யாமல் சாதாரண 10 இலக்க எண்ணில் அப்படிச் செய்தால், டிராய் விதிப்படி இணைப்பே துண்டிக்கப்படலாம்.

மோசடியில் கவனம்

ஏமாற்றுபவர்களும் இதே கணினிக் குரலைப் பயன்படுத்த முடியும். உதவித்தொகை வந்திருக்கிறது என்று சொல்லி யார் ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீர்கள். ஸ்டார் 401 போன்ற எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகள் அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

யாருக்கு லாபம்?

கட்டணம் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வரும். நாளுக்கு 40 அழைப்பு, ஒவ்வொன்றும் 2 நிமிடம் என்றால் மாதம் 2,400 நிமிடம். நிமிடக் கட்டணத்தை இதால் பெருக்கி, தவறிய அழைப்புகளால் உங்களுக்கு ஏற்படும் இழப்போடு ஒப்பிடுங்கள். நாளுக்கு ஐந்தாறு அழைப்பு மட்டுமே வரும் சிறு விவசாயிக்கு இது தேவையில்லை. மிஸ்டு காலைப் பார்த்து மாலையில் திருப்பிக் கூப்பிட்டாலே போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உறுப்பினர்களுக்காகச் சேர்ந்து ஒன்றை அமைத்தால் செலவு பங்காகும். முதலில் ஒரு சீசனுக்கு மட்டும் முயன்று பார்த்து, கணக்குப் போட்டபின் தொடருங்கள்.