தீவகத்தின் மேள ரசிகர்கள்

யாழ்ப்பாண நகரில் கல்லூரி மாணவர் ஆரவாரமும் ஒலிபெருக்கிச் சினிமாப் பாட்டும் போட்டியிட்டு இரைந்த காலத்திலும், தீவகத்தவர் பலருக்கு இசை என்றால் மேளச் சமாதான். நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு வள்ளமேறி வந்து இரவிரவாகத் தவில் கேட்டவர்கள் அவர்கள். இசையை ஏட்டில் கற்றவர்களல்லர். ஆயினும் தாளம் அரை மாத்திரை பிசகினால் முகம் சுளிப்பார்கள்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்ததும் அதே ஆண்டில்தான். இசைக்குப் பல்கலைக்கழக வாசல் திறந்தது. ரசிகருக்கு ஏது பட்டம்?

1990-91 போரில் தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. அந்தச் செவிகள் ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன் என்று சிதறின. வித்துவான்களுக்கு நினைவு மலர்கள் உண்டு. எதிரே அமர்ந்து கைத்தாளம் போட்டவர்களைப் பற்றி, இத்தனை ஆண்டுப் பத்திரிகைப் பணியில், நானும் ஒரு வரி எழுதியதில்லை.