மெக்டேனியல், ஹேட்டி (1893–1952)

அமெரிக்கத் திரைப்பட நடிகை, பாடகி, வானொலிக் கலைஞர். ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர், அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற இரண்டு பெருமைகளும் இவருடையவை. 'கான் வித் தி விண்ட்' (1939) படத்தில் மேமி என்னும் பணிப்பெண்ணாக நடித்ததற்காக 1940-இல் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது. இருபதாண்டுத் திரைவாழ்வில் பெயர் போடப்பட்ட படங்கள் எண்பதுக்கு மேல். பெயர் போடாமல் விட்டவை அதைவிட அதிகம். அத்தனையிலும் அவர் ஏற்ற வேடங்கள் சமையற்காரி, வேலைக்காரி, ஆயா என்பதைத் தாண்டிப் போனது மிக அரிது. இதனால் வாழ்நாள் முழுதும் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். வெள்ளையர் அவரைப் பின்வாசல் வழியாக வரச்சொன்னார்கள். தம் இனத்தின் தலைவர்கள் சிலரோ அந்தப் பின்வாசலைப் படத்தில் காட்டியதற்காக அவரைக் குறை சொன்னார்கள். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஆஸ்கார் இரவோடு நின்றுவிடுகின்றன. குடியிருந்த வீட்டுக்காக நீதிமன்றத்தில் நின்ற ஹேட்டியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யாரென்று புரியும்.

கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1893 ஜூன் 10-ஆம் நாள் பிறந்தார். பிறந்த ஆண்டு 1895 என்று குறிப்பிடுவோரும் உண்டு. பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஹென்றி, தாய் சூசன் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்து போரிட்டுக் காயம்பட்டவர். அந்தக் காயத்துக்கு உரிய ஓய்வூதியத்தைக் கேட்டுப் பல ஆண்டுகள் அரசு அலுவலகங்களுக்கு அலைந்தார். தாய் தேவாலயத்தில் பாடுபவர். வீட்டில் எப்போதும் பாட்டு இருந்தது, பசியும் இருந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் கொலராடோவின் டென்வருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளியில் பாட்டும் ஒப்புவித்தலும் ஹேட்டிக்குக் கைவந்த கலை. 1910-இல் மதுவிலக்குப் பெண்கள் சங்கம் நடத்திய ஒப்புவித்தல் போட்டியில் பதக்கம் வென்றதும் படிப்பை நிறுத்திவிட்டு மேடைக்குப் போனார். அண்ணன் ஓட்டிஸ் நடத்திய குழுவில் ஆடினார், பாடினார், பாட்டும் எழுதினார். 1911-இல் மணந்த முதல் கணவர் நான்காண்டுகளில் இறந்தார். அடுத்த ஆண்டே ஓட்டிஸும் இறந்தார். குழு கலைந்தது. 1920-களில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, டென்வர் வானொலியிலும் பாடினார். அமெரிக்க வானொலியில் பாடிய முதல் கறுப்பினப் பெண்களில் இவரும் ஒருவர். 1926 முதல் 1929 வரை புளூஸ் பாடல்களை இசைத்தட்டுகளிலும் பதிந்தார். மேடை வருமானம் போதாத மாதங்களில் துணி வெளுத்தார், வீடுகளில் சமைத்தார். திரையில் அவர் ஏந்தப்போகிற தட்டையும் கரண்டியையும் அவர் ஏற்கெனவே பிழைப்புக்காக ஏந்தியிருந்தார்.

1929-இல் பங்குச்சந்தை சரிந்தபோது அவர் சேர்ந்திருந்த நாடகச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றது. மில்வாக்கி நகரில் கையில் காசில்லாமல் இறங்கியவருக்கு ஓர் இரவு விடுதியின் பெண்கள் கழிப்பறையில் துண்டு எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. மேடையில் வெள்ளையர் மட்டுமே ஆடும் விடுதி அது. ஒருநாள் இரவு பாட ஆளில்லாமல் போக, கழிப்பறையிலிருந்து வந்து அவர் பாடினார். அதன்பின் அங்கே அவர் வேலை பாட்டுத்தான்.

1931-இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். அண்ணன் சாமும் அக்கா எட்டாவும் அங்கே சின்னச்சின்ன வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தார்கள். சாம் வேலை செய்த வானொலி நிகழ்ச்சியில் ஹேட்டிக்கும் இடம் கிடைத்தது. முதல் நாள் நிகழ்ச்சிக்கு விருந்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போனதால் 'ஹை ஹேட் ஹேட்டி' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. நிகழ்ச்சி பிரபலமானது. ஆனால் சம்பளம் மிகச் சொற்பம் என்பதால் வீட்டுவேலையை அவரால் விட முடியவில்லை.

திரையில் 1932 முதல் தலைகாட்டினார். மே வெஸ்ட்டின் 'ஐயாம் நோ ஏஞ்சல்' (1933) படத்தில் பணிப்பெண்களில் ஒருத்தி. ஜான் ஃபோர்டின் 'ஜட்ஜ் பிரீஸ்ட்' (1934) படத்தில் வில் ராஜர்ஸோடு சேர்ந்து பாடும் அளவுக்கு வளர்ந்தார். அவருடைய தனித்திறன் துலங்கியது 'ஆலிஸ் ஆடம்ஸ்' (1935) படத்தில். வசதி குறைந்த ஒரு குடும்பம், மகளைப் பார்க்க வரும் பணக்கார இளைஞனிடம் கௌரவம் காட்ட ஒரே ஒரு மாலைக்கு மலீனா என்ற வேலைக்காரியைக் கூலிக்கு அமர்த்துகிறது. புழுக்கமான இரவு, ஆவி பறக்கும் உணவு. ஹேட்டி வாயில் எதையோ மென்றுகொண்டே பரிமாறுகிறார். தலையில் வைத்த வெள்ளைத் தொப்பி நழுவிக் கண்ணை மறைக்கிறது. அதைச் சரிசெய்ய அவர் அவசரப்படுவதில்லை. அந்தக் குடும்பத்தின் பொய் வேடத்தில் தனக்குப் பங்கில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் முகத்தாலேயே சொல்லிவிடுகிறார். சிரிக்கவைக்க எழுதப்பட்ட பாத்திரம்தான். அவர் நடித்தபின் பார்வையாளர்கள் சிரித்தது அந்த வீட்டாரைப் பார்த்து. 'ஷோ போட்' (1936) படத்தில் பால் ராப்சனோடு பாடி நடித்தார்.

மார்கரெட் மிச்செலின் 'கான் வித் தி விண்ட்' நாவலைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் படமாக்க முனைந்தபோது மேமி வேடத்துக்குக் கடும் போட்டி. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்காகவே சிபாரிசு செய்தார். நடிப்புத் தேர்வுக்கு ஹேட்டி நிஜமான பணிப்பெண் சீருடையில் போய் நின்றார் என்பார்கள். வேடம் அவருக்கே வந்தது. நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு வசைச்சொல் நிறைந்திருந்தது. கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் எதிர்த்ததால் செல்ஸ்னிக் அதைத் திரைக்கதையிலிருந்து நீக்கினார். அடிமை முறையைப் பொற்காலமாகப் பாடும் படத்தின் அடிப்படையை அது மாற்றவில்லை. அந்தப் படத்தை அப்படித்தான் மதிப்பிட வேண்டும்.

ஆனால் அதற்குள் ஹேட்டி செய்தது வேறு. விருதைப் பெற்றுத் தந்ததாக எல்லோரும் சுட்டும் காட்சி படத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. குதிரையிலிருந்து விழுந்து சிறுமி பானி இறந்துவிடுகிறாள். தகப்பன் ரெட், பிணத்தோடு அறைக்குள் பூட்டிக்கொண்டு அடக்கம் செய்ய விடமாட்டேன் என்கிறான், குழந்தைக்கு இருட்டென்றால் பயமாம். அதைச் சொல்லி அழைத்துப்போகவே மெலனியை (ஒலிவியா டி ஹாவிலண்ட்) வரவழைத்திருக்கிறாள் மேமி. இருவரும் மாடிப்படி ஏறுகிறார்கள், காமிராவும் கூடவே ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு செய்தியாக, விம்மலுக்கு நடுவே, கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டு வீசிய சொற்களை அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். நாலு மணி நேரப் படத்தில் அந்த வீடு இடிந்துவிட்டது என்பதை நாம் அறிவது அவள் வாயிலிருந்துதான். கதாநாயகியும் நாயகனும் அந்த இடத்தில் திரையிலேயே இல்லை.

1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவின் லோஸ் கிராண்ட் திரையரங்கில் முதல் காட்சி. ஜார்ஜியாவின் இன ஒதுக்கல் சட்டப்படி ஹேட்டி வெள்ளை நடிகர்களோடு உட்கார முடியாது. அழைப்பும் போகவில்லை. அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று படத்தின் நாயகன் கிளார்க் கேபிள் முரண்டு பிடித்ததாகவும், போய் வாருங்கள் என்று ஹேட்டியே சமாதானம் சொன்னதாகவும் கூறுவார்கள். முந்தின இரவு நடந்த கொண்டாட்ட விருந்தில், அடிமைக் குழந்தைகள்போல் உடுத்திய ஒரு தேவாலயப் பாடகர் குழு வெள்ளை விருந்தினர்களுக்காகப் பாடியது. அதில் பத்து வயதுச் சிறுவனாக நின்று பாடியவர்களில் ஒருவர் பின்னாளில் உலகம் அறிந்த மார்ட்டின் லூதர் கிங். ஹாலிவுட்டில் நடந்த முதல் காட்சிக்கு மட்டும் ஹேட்டி போனார்.

விருது விழா 1940 பிப்ரவரி 29 அன்று அம்பாசடர் ஹோட்டலின் கோகோநட் குரோவ் அரங்கில் நடந்தது. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல் அது. செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்டதால் ஹேட்டியை அனுமதித்தார்கள். ஆனால் படக்குழுவின் மேசையில் இடமில்லை. சுவரோரம் போட்ட சிறு மேசையில், உடன் வந்த துணைவரோடும் தம் முகவரோடும் உட்கார்ந்தார். தலையில் வெள்ளை கார்டினியாப் பூக்கள். அதே பிரிவில் அவரோடு போட்டியிட்டவர்களில் டி ஹாவிலண்டும் ஒருவர். நடிகை ஃபே பெய்ன்டர் ஹேட்டியின் பெயரை அறிவித்ததும் அரங்கின் பின்பகுதியிலிருந்து மேடை வரை நடந்து வந்தார். தம் இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் பெருமை சேர்ப்பவளாக இருப்பேன் என நம்புகிறேன் என்ற பொருளில் சில வாக்கியங்கள் பேசி, கண்ணீரோடு இறங்கினார். அவர் வாங்கியது ஆளுருவச் சிலை இல்லை, சிறிய பட்டயம். அதற்கு நிறம் காரணமில்லை, அந்நாளில் துணை நடிப்புக்கு எல்லோருக்குமே பட்டயந்தான்.

விருது வந்தபின்னும் வேடங்கள் மாறவில்லை. ஒரு விதிவிலக்கு, ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'இன் திஸ் அவர் லைஃப்' (1942). அதில் காரேற்றிக் குழந்தையைக் கொன்ற வெள்ளைக்காரப் பெண், பழியைச் சட்டம் படிக்கும் கறுப்பின இளைஞன்மேல் போடுகிறாள். அவன் தாயாக வரும் ஹேட்டி, போலீஸ் தன் மகனின் பேச்சைக் கேட்கவே இல்லை என்பதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். இன்னும் பத்துப் பேர் அவருக்கு இப்படி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் செயலர் வால்டர் ஒயிட் 1942-இல் ஹாலிவுட் வந்து, வேலைக்காரி வேடங்களை ஒழித்து கௌரவமான வேடங்கள் தரவேண்டும் என்று ஸ்டுடியோ முதலாளிகளிடம் வாதாடினார். அவ்வேடங்களை நம்பிப் பிழைத்த நடிகர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது ஹேட்டியின் கோபம். வாரம் ஏழு டாலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட எழுநூறு டாலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு பல வடிவங்களில் வழங்குகிறது. ஒயிட்டின் கோரிக்கை சரியானது. ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை, ஹேட்டியின் பக்கம் அந்தக் கேள்வி மட்டுமே இருந்தது. உலகப் போரின்போது அவர் ஹாலிவுட் வெற்றிக்குழுவின் கறுப்பினப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, தனியே ஒதுக்கிவைக்கப்பட்ட கறுப்பினப் படைவீரர்களின் முகாம்களுக்குக் கலைஞர்களை அழைத்துச்சென்றார்.

அவர் வாழ்வின் மிகப் பெரிய வெற்றி நடந்தது நீதிமன்றத்தில். லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில், 'சுகர் ஹில்' என்று பெயர்பெற்ற குன்றின்மேல் பெரிய வீடு ஒன்றை வாங்கியிருந்தார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் ஆகியோரும் அப்பகுதியில் வீடு வாங்கினார்கள். அங்கே பழைய கிரயப் பத்திரங்களில், கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது, அவர்கள் குடியிருக்கவும் கூடாது என்று ஒரு நிபந்தனை எழுதியிருந்தது. அதைக் காட்டி வெள்ளைக்கார அண்டைவீட்டார் சிலர் வழக்குப் போட்டார்கள். ஹேட்டி மற்ற குடும்பங்களைத் தம் வீட்டில் கூட்டி ஒன்றுதிரட்டினார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் அந்தத் தெருக்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் கறுப்பினத்தவருக்குத் தரும் உரிமையைச் சுட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். விசாரணை நாளில் நூற்றுக்கணக்கானோர் நீதிமன்றத்தில் திரண்டிருந்தார்கள். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கக்கூடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல், அந்த வழக்குத் தொகுதியிலும் மில்லர் வாதாடினார். பின்னாளில் சாண்டா மோனிகா நெடுஞ்சாலை சுகர் ஹில்லைப் பிளந்துகொண்டு போனது.

1947 நவம்பரில் சி.பி.எஸ். வானொலியின் 'பியூலா' தொடரில் தலைமைப் பாத்திரம் கிடைத்தது. வேலைக்காரி பியூலாவுக்கு அதுவரை குரல் கொடுத்தவர்கள் வெள்ளைக்கார ஆண்கள். வானொலித் தொடர் ஒன்றில் முதன்மை வேடம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் ஹேட்டி. கறுப்பினத்தவர் பேச்சென்று கேலியாகத் திரிக்கும் கொச்சையைப் பேசமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். 1951-இல் அதன் தொலைக்காட்சி வடிவத்துக்கு வந்து, சில பகுதிகளிலேயே நோய்வாய்ப்பட்டார். மார்பகப் புற்றுநோய். 1952 அக்டோபர் 26 அன்று உட்லண்ட் ஹில்ஸில் திரைத்துறையினருக்கான இல்லத்தில் இறந்தார். நான்கு முறை மணந்தவர், பிள்ளைகள் இல்லை.

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் விருப்பம். கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்றார்கள். ரோஸ்டேல் கல்லறையில் அடக்கம் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஹாலிவுட் தோட்டத்தின் புதிய உரிமையாளர் 1999-இல் உடலை அங்கே மாற்ற முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். நினைவுக்கல் மட்டும் வைக்கப்பட்டது. ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு இரண்டு நட்சத்திரங்கள் உள்ளன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. நடிப்புக்காக அடுத்த கறுப்பினப் பெண்ணுக்கு ஆஸ்கார் கிடைக்க 51 ஆண்டுகள் ஆயின, 1991-இல் வூப்பி கோல்ட்பர்க். 2010-இல் விருது பெற்ற நடிகை மோனீக், கூந்தலில் கார்டினியா சூடி வந்து ஹேட்டியின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார்.

பட்டயத்தை ஹேட்டி வாஷிங்டனிலுள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதி வைத்திருந்தார். நாடகத் துறையில் காட்சிக்கு இருந்த அது பின்னாளில் காணாமல் போனது. தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாற்றுப் பட்டயம் ஒன்றைச் செய்து, 2023 அக்டோபர் 1 அன்று ஆஸ்கார் விருதை வழங்கும் அகாதமி அதே பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.