இரும்பு விளைந்த மண்ணில் வெளுத்த முகங்கள்

பாக்கார் ஆராங் என்னும் எங்கள் ஊர்ப்பெயருக்கு மலாய்மொழியில் ‘கரி எரித்தல்’ என்பது பொருள். கரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இரும்பு. கரியின்றி உலை இல்லை. உலையின்றி இரும்பு இல்லை. எங்கள் ஊரிலிருந்து வடக்கே பீடோங் சென்று, அங்கிருந்து மெர்போக் பக்கம் திரும்பினால் சுங்கை பத்து வரும். அங்கே செம்பனைக்கு நடுவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009-ஆம் ஆண்டு முதல் நடத்திய அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்கு உலைகளும் துருத்திக் குழாய்களும் இரும்புக் கசடும் வெளிப்பட்டன. கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த நாடு இரும்பு உருக்கிய நாடு என்பதை மாணாக்கருக்குச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும்.

ஆனால், அதே மண்ணில் பால்மரம் வெட்டப் பிழைக்க வந்த தமிழ்ப் பெண்களின் இரத்தத்தில் இரும்பு இல்லாமற் போன வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. எனக்கும் அதை யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. என் பாட்டி சொன்ன ஒரு சாவுச் செய்தியிலிருந்துதான் நான் அதைத் தேடத் தொடங்கினேன்.

பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தார். மூன்றாவது பிள்ளைப்பேற்றில், போர் முடிந்த சில ஆண்டுகளில், தோட்டத்து மருத்துவமனையில் இறந்துபோனார். “அவ வெளுத்துப் போயிட்டாம்மா. சுண்ணாம்பு மாதிரி இருந்தா. டிரசர் வந்து கண்ணை இழுத்துப் பார்த்துட்டு, ஒடம்புல இரத்தமே இல்லைன்னாரு” என்பார் பாட்டி. லயத்துப் பெண்கள் அதற்குக் காற்று, கண்ணேறு என்று பலவாறு காரணம் கூறினார்களாம். நம் சித்த மருத்துவர்கள் இதைப் பாண்டு என்றும் சோகை என்றும் முன்பே பெயரிட்டு, அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுத்து வந்தனர். இரண்டும் இரும்பு மருந்துகளே. அன்னபேதி என்பது இன்று மருந்தகத்தில் மாத்திரையாகத் தரப்படும் அதே இரும்புச் சல்பேட்டுதான்! பெயரும் மருந்தும் நம்மிடம் இருந்தும் அந்தச் சின்னப்பாட்டி ஏன் இறந்தார்?

முதற்காரணம் காலடியில் இருந்தது. கொக்கிப்புழு ஈரமண்ணில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுவது. கழிப்பிடமற்ற லயமும் செருப்பற்ற காலும் அதற்குப் போதுமானவை. 1915 முதல் 1917 வரை இராக்ஃபெல்லர் அறக்கட்டளை சாமுவேல் டார்லிங் என்னும் மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழுவை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களுக்கு அனுப்பியது. கொக்கிப்புழுவும் மலேரியாவுமே அக்குழுவின் ஆய்வுப்பொருள். தோட்டத் தொழிலாளரின் உடலிலிருந்து புழுக்களை வெளியேற்றி எண்ணினார்கள். அவர்களின் இரத்தச் சிவப்பை அளந்தார்கள். அந்த அறிக்கை 1920-இல் வெளிவந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. கொக்கிப்புழுவின் ஒருவகை நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், ஒரு பெண் நாள்முழுதும் உண்ணும் உணவிலிருந்து உடலில் சேரும் இரும்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் மலேரியாவும் இதற்குமேல்.

இரண்டாவது காரணம் தட்டில் இருந்தது. இதில்தான் நம்மவர் வரலாற்றில் ஒரு விந்தை உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் உயிர்களைக் குடித்தது. ஈயச்சுரங்கச் சீனர்கள் மடிந்தார்கள். தமிழர்களுக்கோ அந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை அரிசியில் கண்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தோட்டத்துத் தமிழனை, யாரும் அறிவுரை கூறாமலேயே, அவன் பாட்டியின் வழக்கம் காப்பாற்றியது.

ஆனால், அந்தப் புழுங்கல் அரிசியால் சோகையைத் தடுக்க முடியவில்லை. அரிசியில் இரும்பு மிகவும் குறைவு. நம் முன்னோரில் பலர் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே அவர்கள் உண்டது கேழ்வரகும் கம்பும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு உணவுச்சத்து அட்டவணைப்படி நூறு கிராம் தீட்டிய அரிசியில் 0.65 மில்லிகிராம் இரும்பு, கேழ்வரகில் 4.62, கம்பில் 6.42. (கூழ் தானியங்களில் இரும்பைப் பிடித்துவைக்கும் பொருள்களும் உண்டு என்பதால் இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது.) கப்பலேறி வந்தவர்களுக்குத் தோட்ட நிருவாகம் அளந்தது அரிசி. கூழ் குடித்தவர்களுக்கு நாள்தோறும் நெல்லுச்சோறு கிடைத்தது உயர்வாகவே தோன்றியிருக்கும். அதை நாம் குறைகூற முடியாது. ஆயினும் அந்த உயர்வில் இரும்பு இறங்கிவிட்டது.

சோற்றோடு வேறென்ன? கருவாடு, பருப்பு, லயத்தின் பின்புறம் விளைந்த கீரை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்க வேண்டும் என்றது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் லயத்துக்குப் பின்னே ஒரு முருங்கை நின்றதை என் அம்மா நினைவுகூர்வார். அந்தத் துண்டு நிலத்தைக் கொத்தியவர்கள் பெரும்பாலும் பெண்களே. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, திரும்பிவந்து கொத்தியவர்கள்.

கூலி அடுப்படிக்கு வந்துசேர்வதற்கும் ஒரு தடை இருந்தது. அதுதான் தோட்டத்துக் கள்ளுக்கடை. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது கெடாத் தமிழரின் தனிப்பெருமை. அதைத் தொழிற்சங்க வரலாறாகவே எழுதுகிறார்கள். சோற்றுப்பானையின் வரலாறாகவும் அதை எழுதலாம் என்பது என் எண்ணம்.

சப்பானியர் காலத்தைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கிழங்கில் மாவு உண்டு. இரும்போ புரதமோ பெயரளவுக்குத்தான். பாட்டியின் தங்கை அந்த மூன்றரை ஆண்டுகளைப் பருவப் பெண்ணாகக் கழித்தவர்.

இனி, முருங்கைக்கீரைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் சபைகூடலில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் சோகை என்றார்கள். அவள் தாயார் என்னிடம், “வாரம் ரெண்டு தடவை முருங்கைக்கீரை ஆக்கித்தான் குடுக்குறேன் டீச்சர், அப்புறம் எப்படி?” என்று கேட்டபோது என்னிடம் விடை இல்லை. விடையைத் தேடியபோது அது தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அங்கும் நம்மவரே!

1860-இல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குக் கரும்புத்தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள், பின்னாளில் இனப்பிரிப்புச் சட்டத்தால் சாட்ஸ்வர்த் என்னும் புறநகரில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அச்சமூகத்துப் பெண்களிடம் இரும்புக்குறை மிகுந்திருந்ததால் பாத்வெல் என்பவரைச் சார்ந்த ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் அவர்களிடையே ஆய்வு செய்தார்கள். உணவிலுள்ள இரும்பு எப்போது உடலில் சேரும், எப்போது சேராது என்று உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும்பங்கு அந்த இந்தியப் பெண்களின் உடலிலிருந்து பெற்ற அறிவு.

1975-இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை தேநீரைப் பற்றியது. உணவோடு தேநீர் பருகினால், தண்ணீர் பருகும்போது உடலில் சேரும் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சேர்ந்தது. சில உணவுகளில் அதற்கும் குறைவு. தேயிலையின் துவர்ப்புப்பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. 1983-இல் காய்கறிகளை ஆராய்ந்தார்கள். பசலைபோன்ற கீரையிலும் கத்தரிக்காயிலும் பருப்பிலும் உள்ள இரும்பு மிகக் குறைவாகவே உடலில் சேர்ந்தது. முட்டைக்கோசு, பூசணி, பீட்ரூட் கிழங்கு ஆகியவற்றிலிருந்து நன்றாகச் சேர்ந்தது. புளிப்பே இந்த வேற்றுமைக்கு ஒரு காரணம். எலுமிச்சையின் புளிப்பும், புளியின் புளிப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக உயிர்ச்சத்து ‘சி’யும் இரும்புக்குக் கதவு திறப்பவை.

மூன்றாவது ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பை எந்த உணவில் கலந்து கொடுப்பது என்று எண்ணியவர்கள், நம்மவர் வீட்டில் நாள்தவறாமல் புழங்குவது எது என்று பார்த்தார்கள். மசாலைத்தூள்! நிறமும் சுவையும் கெடாத ஓர் இரும்புச் சேர்மத்தை அதில் கலந்து இரண்டாண்டுகள் சாட்ஸ்வர்த் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். 1989-இல் வெளியான முடிவின்படி, அத்தூளை உண்ட பெண்களிடையே இரும்புக்குறைச் சோகை 22 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. மருந்தென்று எவரும் தனியாக எதையும் விழுங்கவில்லை, அன்றாடக் குழம்புதான்.

இதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தாயாரின் கேள்விக்கு விடை தெரிந்தது. நூறு கிராம் முருங்கைக்கீரையில் 4.56 மில்லிகிராம் இரும்பு உண்டு. உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும் உணவுமுறையில், பெண்ணொருத்தியின் ஒருநாள் தேவை 29.4 மில்லிகிராம் என்கின்றன ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும். ஆணுக்கு 13.7 போதும். இரு மடங்குக்கு மேல் தேவைப்படுகிறவள்தான் நம் வீடுகளில் கடைசியாக உட்கார்ந்து, கறித்துண்டுகள் தீர்ந்த குழம்பை ஊற்றிக்கொள்கிறாள். போதாக்குறைக்கு, உண்டதும் உண்ணாததுமாக ஒரு குவளை தேநீர் அல்லது ‘கோப்பி ஓ’.

அடுப்படிப் பாத்திரமும் மாறிவிட்டது. பாட்டி இரும்புச் சட்டியில் வதக்குவார். ஆனால் புளிக்குழம்பை அதில் வைக்கவிடமாட்டார், கறுத்துவிடும் என்பார். அந்தக் கறுப்பே இரும்பு கரைந்ததற்கு அடையாளம். அமெரிக்காவில் 1986-இல் செய்த ஒரு சோதனையில் புளிப்பும் ஈரமும் மிக்க உணவுகள், நெடுநேரம் வெந்தால், இரும்புப் பாத்திரத்திலிருந்து மிகுதியான இரும்பை ஏற்றன. எத்தியோப்பியாவில் ஓராண்டு நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அலுமினியப் பானையில் சமைத்த வீட்டுப் பிள்ளைகளைவிட இரும்புப் பானை வீட்டுப் பிள்ளைகளின் இரத்தம் நன்கு தேறியது. எங்கள் லயங்களில் அலுமினியம் நுழைந்தது இலேசானது, மலிவானது, துருப்பிடிக்காதது என்பதற்காக. பெண்களுக்குத் தேய்க்கும் வேலை குறைந்தது; அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர் கூட்டங்களில் இப்போது நான் சொல்வதெல்லாம் எளியவை. கீரையை ஆக்கி இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் உயிர்ச்சத்து கெட்டுவிடும். மலாய்க்காரர் உலாமைப் பச்சையாக, எலுமிச்சை பிழிந்த சம்பலோடு உண்பதைப் பாருங்கள். அது நாம் பின்பற்றத்தக்கது. சோற்றுக்குப்பின் ஒரு கொய்யா. தஞ்சோங் டாவாய் நெத்திலியைக் கீரையோடு சேர்த்து வதக்கினால் மீனின் இரும்பும் சேரும், கீரையின் இரும்பையும் அது இழுத்து வரும். ‘கெராங்’ சிப்பியை நன்கு வேகவைத்து உண்ணலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வறுத்துக் கொடுத்த நம் பழைய வழக்கத்தை ஏளனம் செய்யாதீர்கள். ஆனால், கருவுற்றிருக்கும்போது ஈரலை மிகுதியாக உண்ணலாகாது. எல்லாச் சோகையும் இரும்புக்குறையன்று. தலசீமியா போன்ற பிறவிக் குறையாகவும் இருக்கலாம். ஆகவே சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தபின் மாத்திரை தந்தால், அதை விழுங்கியே ஆகவேண்டும். கீரை அதற்கு மாற்றன்று. நாட்டின் 2019-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. லயங்கள் மறைந்தும் சின்னப்பாட்டியின் நோய் மறையவில்லை.

தேநீரைப் பற்றிச் சொல்லும்போதுதான் கூட்டத்தில் சலசலப்பு எழும். விடச் சொல்லவில்லை, சோற்றுக்கும் அதற்கும் இடையே ஒரு மணிநேரம் விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். எழுபத்தெட்டு வயதான என் அம்மாவே இதை ஏற்கவில்லை. “அம்பது வருசமாச் சோறும் தேத்தண்ணியுமா இருந்துட்டேன், இனிமே என்னம்மா?” என்கிறார். எலுமிச்சைக்கு மட்டும் இணங்கியிருக்கிறார். மதியச் சோறு உண்டு முடிந்ததும் நான் சென்று அவரோடு பேசிக்கொண்டிருப்பேன். தோட்டத்துக் கதையைத் தொடங்கிவிட்டால் அரைமணிநேரமாவது தேநீரை மறந்துவிடுகிறார்.